கிரகணத்தன்று நான் துடைத்த கண்ணாடி

உக்காருங்க, உக்காருங்க. கெழவன் பேச வந்தா எழுந்து நிக்கறது நல்ல பழக்கந்தான். ஆனா நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னா உங்க காலு கடுத்துப்போவும். புதுசா வந்திருக்கிற இயற்பியல் ஆசிரியருங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. நல்லா நடந்த சோதனை ஒண்ணைச் சொல்லுவேன்னு நினைச்சிருப்பீங்க. நல்லா நடந்ததெல்லாம் புஸ்தகத்துலயே இருக்குது. நான் தப்பு பண்ண ஒரு காலை நேரத்தைப் பத்திச் சொல்றேன்.

ஐம்பதுகள்ல நடந்தது. திண்டிவனத்துல ஒரு ஹைஸ்கூல்ல சேந்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. வேலை நிரந்தரம் ஆகல. இருபத்தஞ்சு வயசு, தலைக்கனம் மட்டும் அறுபது வயசுக்கு இருந்துச்சு. எவனாவது சகுனம், தோஷம்னு பேசினா வலியப் போய் வாதம் பண்ணுவேன். ஜெயிச்சுட்டுத்தான் சாப்பிடவே போவேன்.

அந்த வருஷம் ஆனி மாசம், பள்ளிக்கூடம் திறந்த கையோட ஒரு பெரிய சூரிய கிரகணம் வந்துச்சு. காலையில, வெயில் ஏறுற நேரத்துல. நம்ம பக்கம் முழுசா மறையாது, ஆனா முக்காலே மூணு வீசம் மறையும். ஊரே கதவைச் சாத்திக்கினு உள்ள கெடக்கப் போவுது, நாம பிள்ளைங்களை மைதானத்துல நிறுத்திக் காட்டிடணும்னு எனக்கு ஒரே வெறி.

நாலாம் பாரத்துல, இப்போ நீங்க ஒன்பதாம் வகுப்புன்னு சொல்றீங்களே அதுல, மூணே மூணு பொண்ணுங்க. அதுல ஒருத்தி பூங்காவனம். பெருமுக்கல்ல சொந்த நெலம் வெச்சுப் பயிர் பண்ற குடும்பம். அத்தை வீடு திண்டிவனத்துல இருந்ததால அங்க தங்கிப் படிச்சா. கிரகணத்துக்கு மொத நாளு அவங்க அப்பா அவளை ஊருக்குக் கூட்டிக்கினு போக வந்துட்டாரு. நான் அத்தை வீட்டுக்கே போயிட்டேன்.

"நாளைக்கு கிராணம் புடிக்குது வாத்தியாரே. வயசுப் பொண்ணு வெளிய நிக்கக் கூடாது. ஊட்டுக்கு இட்டுக்கினு போயிட்டு மறுநாளு கொண்டாந்து உட்டுடறேன்"னாரு.

"சந்திரன் குறுக்க வருதுங்க, அவ்வளவுதான். வெறும் நிழல். நிழலு யாரை என்னங்க பண்ணிடும்? உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு"ன்னேன்.

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "படிச்சவங்க சொல்றீங்க. நீங்க பொறுப்புன்னா சரிதாங்க"ன்னுட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு. அந்த 'நான் பொறுப்பு' எவ்வளவு சுளுவா வாயில வந்துச்சுன்னு நினைச்சா இன்னிக்கும் எனக்கு வாய் கசக்குது.

கண்ணாடி ஏற்பாடு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். படத்துக்குச் சட்டம் போடற கடையில பத்து துண்டு வாங்கி, மண்ணெண்ணெய் விளக்குல காட்டி கரிப்புகை ஏத்தினேன். ஒவ்வொண்ணையும் முந்தின நாளே என் கண்ணுல வெச்சுச் சூரியனைப் பாத்தேன். மங்கலா, செவப்பா ஒரு வட்டம் தெரிஞ்சா சரின்னு எடுத்து வெச்சேன். அந்த மட்டுக்கும் புத்தி இருந்துச்சு. புகைக் கண்ணாடியே வேணாம்னு இன்னிக்கு உங்களுக்குச் சொல்லுவேன், அன்னிக்கு எனக்குச் சொல்ல ஆளில்ல.

மறுநாள் காலையில நாப்பது பிள்ளைங்க மைதானத்துக்கு வந்துச்சுங்க. ஆளுக்குக் கொஞ்ச நேரம்னு கண்ணாடி கை மாறிச்சு. கிரகணம் ஏற ஏற வெளிச்சம் சாம்பல் நிறமா ஆச்சு. காக்காய்ங்க கத்தறதை நிறுத்திடுச்சுங்க. பசங்க பயந்துபோய் சிரிச்சுக்கினு இருந்தாங்க. எனக்குத் தலைகால் புரியல, அவ்வளவு சந்தோஷம்.

பூங்காவனம் மட்டும் தள்ளிப் போய் புங்கமரத்தடியில குனிஞ்சு நின்னுக்கினு இருந்தா. அப்பன் பேச்சு காதுல இருக்குது, மேல பாக்கப் பயந்துக்கினு நிக்கறான்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

"சார், இங்க வந்து பாருங்க சார். கீழயே நெறைய கெடக்குது"ன்னா.

"கீழ என்ன கெடக்கப் போவுது? சூரியன் மேல இருக்குது. பயப்படாம மேல பாரு"ன்னு கையில கண்ணாடியைக் குடுத்து மரத்தை விட்டு வெளிய கூட்டிக்கினு வந்தேன்.

அவ கண்ணுல வெச்சுப் பாத்தா. "ஒரே இருட்டா இருக்குது சார். ஒண்ணும் தெரியல." கிரகணம் முத்தின நேரம், வெளிச்சம் கொறைஞ்சு போச்சு, அந்தத் துண்டுல கரி கொஞ்சம் கெட்டியா ஏறியிருந்துச்சு. நம்ம தொழில்ல ஒரு வியாதி இருக்குது பாருங்க. ஒரு பிள்ளை தெரியலன்னு சொன்னா நம்மால தாங்க முடியாது. எப்படியாவது தெரிய வெச்சுடணும். கண்ணாடியை வாங்கி, கட்டை விரலால கரியை ஒரு இழுப்பு இழுத்தேன். சூரியன்தான் நகக்கீத்து அளவுக்குச் சுருங்கிப்போச்சே, இதுல என்ன சூடு இருக்கப் போவுதுன்னு நினைச்சேன்.

"இப்போ தெரியுதா?"

"தெரியுதுங்க சார். அறுவா மாதிரி இருக்குது."

"நல்லா பாத்துக்கோ. இனிமே எப்போ பாப்பியோ"ன்னேன்.

என் வாயால சொன்ன வார்த்தை அது. அவளும் நான் சொன்னதுக்காக நல்லா, ரொம்ப நேரம், இமைக்காம பாத்தா.

உங்களுக்கெல்லாம் தெரியும். சூரியன் எவ்வளவு மறைஞ்சாலும் மிச்சம் இருக்கிற கீத்தோட ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியன் அளவுக்கே எரியும். விழுற எடம்தான் சின்னது, சூடு கொறையாது. கண்ணுக்குள்ள விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்துபோனாலும் சத்தம் போடாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். பரீட்சையில கேட்டிருந்தா எழுதியிருப்பேன்.

அன்னிக்கு மத்தியானம் நான் போர்டுல எழுதிக்கினு இருக்கும்போது அவ எழுந்து நின்னா. "சார், எழுத்து நடுவுல ஓட்டை உழுந்தாப்புல இருக்குதுங்க."

திரும்பிப் பாக்காமயே, "கண்ணைக் கழுவிட்டு வாம்மா, சரியாயிடும்"ன்னேன். வேற யாருக்காவது அப்படி இருக்குதான்னு ஒவ்வொரு பிள்ளையா கேட்டேன். யாருக்கும் இல்ல. நான் துடைச்சது அந்த ஒரு கண்ணாடியைத்தான், அது அவ கையை விட்டு வேற யாருக்கும் போகல.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவ வரல. ஊருக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் ஹெட்மாஸ்டர்கிட்ட போய் நடந்ததைச் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்ல அவரு. கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு.

"ஏம்பா, ஊரே கிரகண தோஷம்னு பேசுது. உன் பேரை எவனும் எடுக்கல. நீயா போய் ஏன் தலையைக் குடுக்கற? வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, ஞாபகம் இருக்கட்டும்"னாரு.

தப்பிக்க வழி கிடைச்சா பயந்தவனுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா? ராகுவும் இல்ல, கேதுவும் இல்லன்னு ஒரு வருஷமா கத்திக்கினு திரிஞ்சவன், ராகு மேலயே பழி போவட்டும்னு புதன்கிழமை கம்முனு இருந்தேன். வியாழக்கிழமையும் கம்முனு இருந்தேன். வாசல்ல சைக்கிள் மணி கேட்டா அவங்க அப்பாதான் வந்துட்டாருன்னு பின்கட்டுக்குப் போயிடுவேன். வகுப்புல அவ எடம் காலியா இருந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பாமயே பாடம் நடத்தினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவ அத்தை பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. பொண்ணோட புஸ்தகத்தை எடுத்துக்கினு போவணும்னாங்க.

"இனிமே அவ எங்கங்க படிக்கப் போறா. குறி கேட்டாங்க. ஆகாத நேரத்துல சூரியனைப் பாத்து குத்தம் ஆயிடுச்சாம். நாப்பத்தெட்டு நாளு விடியக்காலையில மலை ஏறி, உதிக்கிற சூரியனை இமை கொட்டாம பாத்துக் கும்புடணுமாம். அப்போதான் பார்வை திரும்புமாம். நேத்து ஆரமிச்சுட்டாங்க."

நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு, ரெண்டு நாளு. வெந்த கண்ணை மறுபடி சூரியன்ல காட்டிக்கினு இருக்காங்க. இன்னும் நாப்பத்தாறு நாளு காட்டப் போறாங்க. செவ்வாய்க்கிழமையே நான் போயிருந்தா அந்த ரெண்டு நாளும் இல்ல. கரியைத் துடைச்சது அறியாமன்னு சொல்லிக்கலாம். மூணு நாள் வாயை மூடிக்கினு இருந்ததுக்கு நான் என்ன பேரு வைக்கிறது?

யார்கிட்டயும் சொல்லிக்காம சைக்கிளை எடுத்தேன். பெருமுக்கல் பக்கம் மிதிச்சேன். ரெண்டு தரம் எறங்கி நின்னேன். திரும்பிப் போயிடலாமான்னு ஒரு தரம் சைக்கிளைத் திருப்பவே திருப்பிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன்.

அவங்க அப்பா விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சுக்கினு இருந்தாரு. பக்கத்துல அவரு மச்சான். என்னைப் பாத்ததும் கோணி எடுத்துப் போட்டாரு. "வாங்க வாத்தியாரே, குந்துங்க. இம்மாந்தூரம் வெயில்ல வந்திருக்கிறீங்க. உங்களுக்கும் மனசுக்குக் கஷ்டந்தான். இன்னா பண்றது, அவ தலையெழுத்து"ன்னாரு. உள்ளேர்ந்து மோர் வந்துச்சு. என்னைத் திட்டியிருந்தா சுளுவா இருந்திருக்கும்.

மோரைக் கீழ வெச்சேன். "தலையெழுத்து இல்லீங்க. நான் பண்ணது"ன்னேன். கண்ணாடி, கரி, கட்டை விரல், எல்லாத்தையும் சொன்னேன். ஹெட்மாஸ்டர் சொன்னதை விட்டுட்டேன், அது என் சொமை. மூணு நாள் பயந்துக்கினு வராம இருந்ததையும் சொன்னேன்.

உரிச்சுக்கினு இருந்த கை நின்னுபோச்சு. மச்சான் எழுந்து என் சட்டையைப் புடிச்சாரு. பொத்தான் ரெண்டு தெறிச்சுச்சு. அப்பா "உடுடா"ன்னாரு, அவ்வளவுதான். அப்புறம் என்னைப் பாத்தாரு. அதுவரைக்கும் வாங்க போங்கன்னு பேசின மனுஷன்.

"ராகு புடிச்சுதுன்னா படையலு வெச்சுட்டு கம்முனு கெடப்பேன். நீ பண்ணேன்னு சொல்ற. உன்னை இன்னா பண்றது?"

"என்ன வேணும்னாலும் பண்ணுங்க. நாளைக்கு அவ மலை ஏறக் கூடாது. சூரியனைப் பாக்கவே கூடாது. இன்னும் பாத்தா மொத்தமா போயிடும்."

"உன் பேச்சைக் கேட்டுத்தானே இப்பிடி ஆச்சு. இன்னொரு தபா உன் பேச்சைக் கேக்கச் சொல்றியா?"

எவ்வளவோ பேருகிட்ட வாதம் பண்ணி ஜெயிச்சிருக்கேன். இவருகிட்ட வாதம் பண்ணல. "என் பேச்சைக் கேக்க வேணாங்க. நாளைக்கு விழுப்புரத்துக்குக் கண் டாக்டர் வர்ற நாளு. நானும் கூட வர்றேன். நான் சொன்னது பொய்யின்னு அவரு சொன்னா மறுநாளே மலை ஏறட்டும்"ன்னேன்.

கதவு மறைவுலேர்ந்து பூங்காவனம் பேசினா. "அப்பா, மலை மேல பாத்துட்டு வந்ததுலேர்ந்து ஓட்டை இன்னும் பெருசாயிருக்குதுப்பா. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

அவரு மல்லாட்டை மொறத்தைத் தள்ளி வெச்சாரு. "காலையில மொத வண்டிக்கு ஸ்டேஷன்ல இரு"ன்னாரு.

விழுப்புரத்துல டாக்டர் இருட்டறையில வெச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. வெளிய வந்து, "இது யாரு பண்ண வேலை?"ன்னாரு. நான்தாங்கன்னேன். என்ன வேலை பாக்கறேன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு கை கழுவப் போயிட்டாரு. செருப்பால அடிச்சிருந்தாகூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

அப்புறம் அப்பாகிட்ட பேசினாரு. "இதுக்கு மருந்து கெடையாது. வெயில்ல விடாதீங்க, சூரியன் பக்கம் திரும்பவே வேணாம். மூணு மாசத்துல வர்றது வரும், வராதது வராது. இன்னும் ஒரு வாரம் அந்த மலை ஏறியிருந்தா நீங்க இங்க வந்தே பிரயோஜனம் இல்ல."

திரும்பி வர்ற வண்டியில அவரு எனக்கு எதிர்ல உக்காரல. பொண்ணை ஜன்னலை விட்டுத் தள்ளி, நிழல்ல உக்கார வெச்சுட்டு, துண்டால அவ முகத்தை மூடிவிட்டாரு.

அந்த மூணு மாசத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிராஃப் தாள் எடுத்துக்கினு பெருமுக்கல் போவேன். தாள்ல பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டு, நடுவைப் பாக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடச் சொல்வேன். பென்சில் முனையை ஓரத்துலேர்ந்து உள்ள கொண்டு வருவேன். 'காணோம்'னு சொன்னா அங்க ஒரு புள்ளி. சுத்திப் புள்ளி வெச்சுச் சேத்தா அந்த ஓட்டையோட படம் வந்துடும். உள்ள எத்தனை கட்டம்னு எண்ணுவேன். மொத வாரம் வலது கண்ணுல பன்னெண்டு, இடது கண்ணுல ஒன்பது. அடுத்த வாரம் அதே. அதுக்கடுத்த வாரமும் அதே. அப்பா கொஞ்சம் தள்ளி நின்னு வேலை செய்யற மாதிரி நின்னுக்கினு இருப்பாரு. நான் தாளை மடிக்கும்போது மட்டும், "எத்தினி?"ன்னு கேப்பாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் வாரம் பூரா பயந்தேன்.

அஞ்சாவது வாரம் இடது கண்ணுல ஏழு. தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சு மூணு தரம் எண்ணினேன். "எத்தினி?" "ஏழுங்க." அவரு உள்ள போயிட்டாரு. அன்னிக்கு மறுபடி மோர் வந்துச்சு.

புரட்டாசி பொறக்கறதுக்குள்ள இடது கண்ணு தெளிஞ்சுடுச்சு. வலது கண்ணு மூணு கட்டத்துல வந்து நின்னுச்சு. அதுக்கு மேல கொறையல, கடைசி வரைக்கும் கொறையல. எனக்கு மெமோ வந்துச்சு, நடந்ததை நாலு வரியில எழுதிக் குடுத்தேன். வேலையை விட்டு எடுக்கல. அடுத்த வருஷம் விழுப்புரத்துக்கு மாத்தினாங்க, அறுபதுகள் முழுக்க அங்கதான் இருந்தேன்.

புரட்டாசி மாசம் அவ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தா. அப்பாவே கொண்டாந்து விட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, ஆனா கொண்டாந்து விட்டாரு. அந்த வாரம் எனக்கு ஒளிப் பாடம். ஊசித்துளை காமிரா. அட்டைப் பெட்டி, ஊசியால ஒரு துளை, பின்பக்கம் எண்ணெய்த் தாள், முன்னால மெழுகுவத்தி. ஜன்னலைச் சாத்தினதும் தாள்ல சுடர் தலைகீழா நின்னுச்சு. "சின்னத் துளை வழியா வர்ற வெளிச்சம், எந்தப் பொருள்லேர்ந்து வருதோ அந்தப் பொருளோட உருவத்தையே கொண்டு வரும். துளை எந்த வடிவத்துல இருந்தாலும் சரி"ன்னேன்.

பூங்காவனம் கையைத் தூக்கினா.

"சார், எலைங்க நடுவுல இருக்கிற சந்தும் துளைதானுங்களே?"

"ஆமாம்மா."

"அப்போ அன்னிக்கு புங்கமரத்தடியில தரை பூரா அறுவா அறுவாவா வெளிச்சம் கெடந்துச்சே, அது சூரியன்தானுங்களா சார்?"

நூறு சூரியன் கெடந்திருக்குது தரையில. யாரும் மேல பாக்க வேணாம், கண்ணாடி வேணாம், கரி வேணாம். குனிஞ்சு பாத்தா போதும். அதை அவ பாத்துட்டா. என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் காட்டினா. இயற்பியல் படிச்சவன் நான், கீழ என்ன இருக்கப் போவுதுன்னு சொல்லி அவளை மேல பாக்க வெச்சேன்.

"ஆமாம்மா. சூரியன்தான்"ன்னேன்.

"நான் சொன்னேனே சார்." அவ கோவமா சொல்லல. விடை சரியா வந்துச்சான்னு கேக்கற மாதிரிதான் சொன்னா.

"சொன்னம்மா. நான்தான் குனிஞ்சு பாக்கல."

அதுக்கப்புறம் முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன். எந்தப் பிள்ளை 'சார், இங்க பாருங்க'ன்னாலும் எனக்குப் பயம் வந்துடும். கையில எது இருந்தாலும் போட்டுட்டு போய்ப் பாத்துடுவேன். உங்களுக்கும் அந்தப் பயம் வரணும்னுதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அன்னிக்கு வகுப்புல கேள்வி கேட்ட பூங்காவனம் இன்னும் உக்காரல. நோட்டைத் திறந்து பென்சிலை வெச்சுக்கினு, கொஞ்சம் தலையைச் சாய்ச்சு, இடது கண்ணால என்னைப் பாத்துக்கினு நின்னா.

"மரத்தடியில கெடந்ததையும் எழுதிக்கட்டுங்களா சார்?"

"எழுதிக்கோ"ன்னேன். "எல்லாரும் எழுதிக்கோங்க."